கை நடுங்காத வீடியோ: கடைச் சாமான்களே போதும்

வணிகர்களுக்கு வீடியோ எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டிலும் கும்பாபிஷேகத்திலும் தோளில் கேமராவைச் சுமந்து வருபவருக்கு ஒதுங்கி வழிவிட்டதோடு நம் வேலை முடிந்தது. இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. லாரியில் சரக்கு நனைந்து வந்தால் படம் எடுக்கிறோம். பண்டிகைக்குப் புதுச் சரக்கு இறங்கினால் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஆனால் எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், நடுக்கடலில் படகில் நின்று எடுத்தது போல ஆடுகிறது.

இதை ஒரு சின்னக் குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2018-இல் அந்த எண்ணம் மாறியது.

அந்த ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காரைக்காலிலும் காற்று விடவில்லை. என் கிடங்கின் மேல் தகரம் இரண்டு பெயர்ந்து போய், பருப்பு மூட்டைகளும் சர்க்கரை மூட்டைகளும் நனைந்துவிட்டன. விடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் போன். பதற்றத்தில் கிடங்கு முழுக்கச் சுற்றிச் சுற்றி நான்கு நிமிடம் எடுத்தேன். சரக்கு மேலும் கெடக்கூடாதே என்று உடனே மூட்டைகளைப் பிரித்து மாற்றியும் விட்டோம்.

சில நாள் கழித்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். வீடியோவைப் பொறுமையாக இரண்டு முறை பார்த்தார். "ஐயா, இதில் எத்தனை மூட்டை இருக்கிறது? எந்த மில் சரக்கு? மேலடுக்கு மட்டும் நனைந்ததா, அடிவரை நனைந்ததா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடிந்தது. என் வீடியோவால் சொல்ல முடியவில்லை. ஒரு மூட்டையின் மேல் இருந்த எழுத்தைக்கூடப் படிக்க முடியாதபடி படம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை. அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்ததைத்தானே எழுத முடியும்?

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனித்துக் கற்றுக்கொண்டேன். செலவு அதிகம் ஆகவில்லை. வேண்டியவற்றில் முக்கால்வாசி நம் கடையிலேயே இருக்கிறது. அதைச் சக வணிகர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

படம் ஏன் ஆடுகிறது?

தராசு பிடித்த நமக்கு இது எளிதில் புரியும். நகைக்கடைச் சின்னத் தராசு மூச்சுக் காற்றுக்கே ஆடும். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அப்படி ஆடாது. எடை கூடிய பொருள் அசையத் தொடங்கவே நேரம் எடுக்கும். அந்தக் காலத்து வி.எச்.எஸ். கேமரா இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அது தோளில் உட்கார்ந்திருக்கும். அதனால் சாதாரண வீடியோக்காரர் எடுத்த கல்யாணப் படம்கூட ஓரளவு நிதானமாக இருந்தது. நம் செல்போன் 200 கிராம் அளவுதான். அதையும் உடம்பை விட்டுத் தள்ளி, நீட்டிய கையின் நுனியில் பிடிக்கிறோம். கை நடுக்கம், மூச்சு, காலடி எல்லாம் அப்படியே படத்தில் ஏறிவிடுகிறது.

ஆட்டத்திலும் இரண்டு வகை உண்டு. கேமரா மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்வது ஒன்று. இருந்த இடத்திலேயே திரும்புவது, சாய்வது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய எதிரி. போன் ஒரே ஒரு பாகை திரும்பினால், 3 மீட்டர் தூரத்தில் உள்ள மூட்டை படத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 10 மீட்டர் தூரத்தில் அதுவே 17 சென்டிமீட்டருக்கு மேல். ஜூம் செய்தால் பொருள் பெரிதாவது போலவே ஆட்டமும் பெரிதாகும். ஆகவே முதல் விதி: ஜூம் செய்யாதீர்கள், கிட்டே போய் எடுங்கள்.

"என் போனில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி உள்ளதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சில போன்களில் லென்ஸே மிக நுட்பமாக அசைந்து கை நடுக்கத்தை ஈடு செய்கிறது. வேறு சிலவற்றில் படத்தின் ஓரங்களை வெட்டி, நடுப்பகுதியை நிலையாகக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது. இவை சின்ன நடுக்கத்துக்கு நல்ல மருந்து. ஆனால் இருட்டான கிடங்கில் ஒவ்வொரு படமும் பதிவாகவே அதிக நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் படமே குழம்பிவிடும். குழம்பிய எழுத்தை எந்த வசதியும் பிறகு தெளிவாக்க முடியாது. வெளிச்சமும் நிதானமும் எடுக்கும்போதே வேண்டும்.

பெரிய ஆட்களும் சிக்கனக்காரர்களே

செல்போன் படத்தை நிலையாக வைக்கும் மோட்டார் கைப்பிடிக்கு கிம்பல் என்று பெயர். அதன் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதம் இரண்டு முறை வீடியோ எடுக்கும் மளிகைக் கடைக்காரருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. சினிமாக்காரர்களே பணம் இல்லாதபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

பிரான்ஸ் நாட்டு இயக்குநர் கொதார் எடுத்த 'மூச்சுத் திணறல்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட படம் 1960-இல் வெளிவந்தது. ஒளிப்பதிவாளர் ரவூல் குத்தார். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரிலிருந்து பலர் பிழைப்புக்காகச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள் அல்லவா? அதே இந்தோசீனாவில் பல ஆண்டுகள் புகைப்படக்காரராக இருந்தவர் இவர். தண்டவாளம் போட்டு கேமராவைத் தள்ளப் பணமும் நேரமும் இல்லை. குத்தாரை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து இயக்குநரே தள்ளிக்கொண்டு போனார். பாரிஸ் கடைவீதியில் கூட்டம் கூடாமல் எடுக்க, தபால் மூட்டை தள்ளும் வண்டிக்குள் கேமராவோடு அவரை மறைத்து வைத்தார்கள்.

அமெரிக்காவில் சாம் ரைமி என்ற இளைஞர் தன் முதல் பெரிய படத்தை மிகக் குறைந்த செலவில் எடுத்தார். அது 1981-இல் வெளிவந்தது. அதில் ஒரு நீளமான மரச்சட்டத்தின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரு முனையிலும் ஆளுக்கொருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு முனை ஒரு சாண் குதித்தால் நடுப்பகுதி அரைச் சாண்தான் எழும்பும். நம் ஊரில் கனமான பொருளைக் கழியில் கட்டி இருவர் தூக்கிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கணக்கு.

இந்தத் தொழிலையே மாற்றியவர் கேரட் பிரவுன். அவர் செய்த ஸ்டெடிகேம் கருவி 1976-இல் வெளிவந்த படங்களில் முதன்முதலாகப் பயன்பட்டது. 1978-இல் ஆஸ்கார் விருதும் கிடைத்தது. அதன் தத்துவம் தராசுத் தத்துவமே. ஒரு தண்டின் மேல் முனையில் கேமரா, கீழ் முனையில் எதிர் எடை. எடை இரு முனைக்கும் பரவியிருப்பதால் தண்டு எளிதில் திரும்பாது, சாயாது. சமநிலைப் புள்ளியில் லேசாகப் பிடித்தால் போதும். பிற்காலத்தில் ஜானி சுங் லீ என்ற கணினிப் பொறியாளர் தண்ணீர்க் குழாயும் உடற்பயிற்சி எடையும் கொண்டு 14 டாலர் செலவில் இதன் எளிய வடிவத்தைச் செய்து, செய்முறையையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

நம் கடையில் என்ன இருக்கிறது?

1. மஞ்சப்பையும் பயறும்: ஒரு துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறோ பட்டாணியோ போட்டு வாயைக் கட்டுங்கள். இறுக்கி நிரப்பாமல் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். மூட்டை அடுக்கின் மீதோ மேசையின் மீதோ பையை வைத்து, நடுவில் ஒரு குழி அமுக்கி, போனை அதில் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். பயறு நகர்ந்து போனைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். கடையில் பொருளைக் காட்டும் வீடியோவுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வேலை முடிந்ததும் பயறைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிடலாம்.

2. சணல் கயிறு: செல்போனைக் கவ்விப் பிடிக்கும் சின்னக் கிளிப் செல்போன் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அதன் அடியில் திருகுத் துளை இருக்கும். அளவு கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அதே அளவு போல்ட்டை இரும்புக் கடையில் வாங்கித் திருகி, பொட்டலம் கட்டும் உறுதியான கயிற்றை அதில் கட்டுங்கள். கயிற்றின் மறு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, போனை மேல்நோக்கி இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். மேலும் கீழும் ஆடுவது உடனே அடங்கும். போல்ட்டிலிருந்து இரண்டு கயிறு இறக்கி இரு காலாலும் மிதித்தால் பக்கவாட்டு ஆட்டமும் குறையும். ஊசிநூல் அளவு செலவு, பலன் பெரிது.

3. அடையாள அட்டைக் கழுத்துப்பட்டை: கிளிப்பில் பட்டையைக் கோத்துக் கழுத்தில் மாட்டி, பட்டை விறைக்கும் வரை போனை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். இரு கையும் கழுத்துமாக மூன்று இடத்தில் பிடிமானம் கிடைக்கும். கூட்டமான இடத்துக்கு ஏற்றது.

4. சரக்குத் தள்ளுவண்டி: நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டுமானால் குத்தார் வழியைப் பின்பற்றலாம். வெறும் வண்டி கடகடவென்று அதிரும். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை ஏற்றி, அதன் மேல் பயறுப் பையை வைத்து, பையில் போனை நிறுத்துங்கள். ஒருவர் மெதுவாகத் தள்ளட்டும். கனமும் அரிசியும் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காற்று அடித்த டயர் உள்ள வண்டி இன்னும் நல்லது.

5. குழாயும் எடையும்: ஒன்றரை அடி பி.வி.சி. குழாயின் மேல் முனையில் போன் கிளிப்பையும் கீழ் முனையில் மணல் நிரப்பிய சின்ன பாட்டிலையும் கட்டுங்கள். போனுக்குச் சற்றுக் கீழே குழாயை விரல்களால் லேசாகப் பிடித்து நடக்கலாம். இறுக்கிப் பிடித்தால் கை நடுக்கம் மேலே ஏறும். எதிர் எடைக்காக முத்திரையிட்ட எடைக்கல்லில் மட்டும் துளை போட்டுவிடாதீர்கள். எடையளவு அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

கையால் மட்டும் எடுப்பதானால்

எதுவும் இல்லாத நேரத்தில் உடம்புதான் கருவி. இரு கையாலும் போனைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கதவு நிலை, தூண், மூட்டை அடுக்கு எதிலாவது தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுத்தால் பத்து விநாடி நிலையாக நிற்கலாம்.

ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திருப்பிக் காட்ட வேண்டுமா? முடிக்கப் போகும் பக்கம் பார்த்துக் காலை ஊன்றி நில்லுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பித் தொடங்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வாருங்கள். உடம்பு முறுக்கு அவிழும் திசையில் அசைவு நிதானமாக வரும். நடந்தே தீர வேண்டுமானால், இடுப்பில் நிறைகுடத்தோடு வரும் பெண்களைப் பாருங்கள். முழங்கால் சற்று மடங்கியிருக்கும், அடி சின்னதாக இருக்கும், தண்ணீர் தளும்பாது. அந்த நடைதான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு நிமிடம் சுற்றி எடுப்பதற்குப் பதில் பத்து விநாடி வீதம் ஆறு துண்டாக, அசையாமல் நின்று எடுப்பது. இதற்கு ஒரு காசு செலவில்லை. அவசரம்தான் பாதி நடுக்கம்.

மாங்கனித் திருவிழாவில்

ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனி இறைக்கும் காட்சியைப் பலரும் படம் பிடிக்கிறோம். வணிகர் குலத்துப் புனிதவதியார், காரைக்கால் அம்மையார் ஆன கதை நம் கடைவீதிக்கே சொந்தமான கதை. அந்தக் கூட்டத்தில் குழாயும் மரச்சட்டமும் வேண்டாம். அடுத்தவர் கண்ணில் குத்திவிடும். பாரதியார் சாலையில் தெரிந்த கடை மாடி இருந்தால், கைப்பிடிச் சுவரில் பயறுப் பையை வைத்து ஜூம் இல்லாமல் எடுங்கள். கேமரா அசையாதிருக்க, பழமும் மக்களும் படத்துக்குள் அசையட்டும். கீழே நின்றால் கழுத்துப்பட்டையே போதும். கடை விளம்பரத்துக்கும் இதே முறைதான். ஐந்து விநாடித் துண்டுகள் ஐந்தாறு சேர்த்து அரை நிமிடத்தில் முடித்தால் வாடிக்கையாளர் கடைசிவரை பார்ப்பார்.

விளம்பர வீடியோ கொஞ்சம் ஆடிவிட்டால் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஓரளவு சரிசெய்யலாம். அப்போது ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே சற்று இடம் விட்டு எடுங்கள்.

சாட்சியாக நிற்கும் வீடியோ

நஷ்ட ஈட்டுக்கான வீடியோவுக்கு விதி வேறு. அதை வெட்டவோ ஒட்டவோ கூடாது. எடுத்த மூலப் பதிவு போனில் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நகல் பென்டிரைவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும். வக்கீலைக் கேட்டுக்கொள்ளவும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஐப்பசி பிறந்ததும், ஒரு முறை கிடங்கைப் படம் எடுத்து வையுங்கள். முதலில் கடைப் பெயர்ப்பலகை. பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் பத்து விநாடி. பிறகு ஒவ்வொரு சரக்கின் மூட்டையிலும் மில் பெயர், எடை, தேதி தெரியும்படி கிட்டத்தில் ஒரு துண்டு. கடைசியில் இருப்புப் புத்தகத்தின் அன்றைய பக்கம். தேதியையும் மூட்டை எண்ணிக்கையையும் வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள்.

சேதம் நேர்ந்தால், தண்ணீர் நிற்கும் கிடங்கில் மெயின் சுவிட்சை அணைக்காமல் கால் வைக்காதீர்கள். உயிரைவிடச் சரக்கு பெரிதல்ல. உள்ளே போனதும், முன்பு நின்ற அதே இடங்களில் நின்று அதே வரிசையில் எடுங்கள். டார்ச்சைக் கையில் ஆட்டாமல் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிய மட்டத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்துக் காட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுங்கள். சரக்கை அதன் பிறகு நகர்த்தலாம்.

2020 நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தபோது நான் இப்படித்தான் செய்தேன். கடைத் தம்பி கயிற்றை மிதித்துக்கொண்டு போனைப் பிடிக்க, நான் மூட்டைகளை எண்ணிச் சொன்னேன். இருபது நிமிட வேலை. புயல் வடக்கே புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. என் கிடங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அந்த வீடியோவை யாரும் கேட்கவும் இல்லை. அது பயன்படாமல் போனதே எனக்கு லாபம். ஆனாலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாக ஒன்று எடுத்து வைக்கிறேன். நீங்களும் இந்த ஆண்டு மழைக்கு முன் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முதலில் எடுத்ததை ஓட்டிப் பார்த்து, மூட்டையின் மேல் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடிந்தால், வேலை சரி.